கி.மீ. கணக்கு, தூக்கக் கணக்கு: ஒரு சிப்பிப்பாறையோடு பதினோரு மாதம்

நாய்: சிப்பிப்பாறை, கடுவன், செவலை நிறம். பெயர் குட்டியான். கதை தொடங்கும்போது வயது 14 மாதம், எடை 21 கிலோ, தோள் உயரம் 25 அங்குலம். இருப்பிடம்: மதுரை ஓரத்தில் ஒரு வாடகை மாடி வீடு, இரண்டு அறை, தெருவைப் பார்த்த பால்கனி. வீட்டில் நான், மனைவி, எட்டு வயது மகள், என் அம்மா. புகார்: ஒரு நிமிடம் சும்மா இருப்பதில்லை.

புகாரை ஒரு வரியில் எழுதிவிட்டேன். அந்த ஜனவரியில் எங்கள் வீட்டைப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த ஒரு வரியின் கனம் தெரியும். சோபாவின் இரண்டு கைப்பிடியும் போயிருந்தது, வாசல் கதவின் கீழ்ப் பக்கம் எலி அரித்த மாதிரி சிராய் சிராயாகப் பெயர்ந்திருந்தது, மகளின் பள்ளிக்கூட ஷூ மூன்றாவது ஜோடி. பால்கனியில் நின்று நாள் முழுக்க ஒரு மாதிரி ஊளையும் குரைப்புமாக ஒரு சத்தம். கீழ்வீட்டுக்காரர் நல்ல மனிதர், அவரே ஒரு நாள் படியேறி வந்து, "ஸ்கூல் பரீட்சை வருது சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். இதையெல்லாம் பொறுத்துக்கொண்டிருந்தோம். கேஸ் அடுப்பு ட்யூபில் பல் தடம் பார்த்த அன்றுதான் என் மனைவி, ஒன்று நாய்க்கு ஒரு வழி பண்ணு, இல்லை நாயை ஊருக்கு அனுப்பு என்றாள்.

ஊர் என்றால் கோவில்பட்டிப் பக்கம், அம்மாவின் தம்பி வீடு. குட்டியானை 45 நாள் குட்டியாக அங்கிருந்துதான் தூக்கி வந்தேன். கரிசல் காட்டில் தலைமுறையாக இந்த நாய் வளர்க்கிற குடும்பம். தாத்தா காலத்தில் முயல் வேட்டைக்கு, இப்போது தோட்டக் காவலுக்கு. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபிறகு முயலைத் தொட்டால் கேஸ்தான். சட்டம் வந்து அரை நூற்றாண்டு ஆகிறது, ஆனால் அதை யாரும் நாய்க்குப் படித்துக் காட்டவில்லை. குட்டியைக் கேட்டபோதே மாமா, "மாடி வீட்டுக்கு இது ஆகாது மாப்ள, வேணும்னா ஒரு நாட்டுக்குட்டி தாரேன்" என்றார். நான் கேட்கவில்லை. 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலியில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று வரிசையாகப் பெயர் சொன்னதிலிருந்து நம் ஊர் நாய் மேல் திடீர்ப் பாசம் வந்த நகரத்துக் கூட்டத்தில் நானும் ஒருவன், ஒளிப்பானேன். (இன்றைக்கும் நடைக்குப் போனால் பத்தில் எட்டுப் பேர், "ராஜபாளையமா?" என்றுதான் கேட்கிறார்கள். 2005-இல் இந்திய நாய் இனங்களுக்குத் தபால்தலை போட்டபோது அதில் ராஜபாளையம் இருந்தது, விருதுநகர் மாவட்டத்துச் சிப்பிப்பாறைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.)

நாயின் உடம்பைப் பார்த்தாலே அது எதற்கு உருவானது என்று தெரிந்துவிடும். ஆழமான மார்புக்கூடு, முதுகோடு ஒட்டிய வயிறு, நீண்ட கால், தலையை விடத் தடித்த கழுத்து. மோப்பம் பிடித்துத் தேடிப் போகிற சாதி இல்லை, கண்ணால் பார்த்துத் துரத்துகிற சாதி. முழுப் பாய்ச்சலில் ஒரு தாவலுக்கு இரண்டு முறை நாலு காலும் தரையை விட்டு எழும், ஒரு முறை உடம்பு நீண்டிருக்கும்போது, இன்னொரு முறை கால்கள் வயிற்றுக்கடியில் குறுக்கே மடங்கியிருக்கும்போது. மேல்நாட்டுப் பந்தய நாயான கிரேஹவுண்டும் இதே மாதிரிதான் ஓடும். இந்த ஓட்டம் அதிகம் போனால் ஒன்றிரண்டு நிமிடம். முயல் பிடிபட்டாலும் தப்பினாலும் அத்தோடு முடிந்தது, அப்புறம் அந்த நாய் நிழலில் விழுந்து கிடக்கும். இதில் கடைசி வரியைத்தான் நான் அப்போது கவனிக்கவே இல்லை.

கேட்ட இடத்தில் எல்லாம் ஒரே வைத்தியம்தான் சொன்னார்கள்: ஓட விடு, எனர்ஜி தீர்ந்தால் அடங்கிவிடும். பிப்ரவரியில் தொடங்கினேன். விடிகாலை ஐந்தரைக்கு ஸ்கூட்டர், பக்கத்தில் குட்டியான். கணக்கெழுதுகிற வேலையில் இருப்பவன் என்பதால் ஒரு நோட்டும் போட்டேன்: தேதி, கி.மீ., சேதம் என்று மூன்று பத்தி. முதல் வாரம் 3 கி.மீ., அதில் இரண்டு நாள் வீட்டில் சேதம் இல்லை, வெற்றி என்று மனைவியிடம் நோட்டைக் காட்டினேன். இரண்டாவது வாரம் 5. மூன்றாவது வாரம் 8 கி.மீ. ஓடி வந்து, தண்ணீர் குடித்து, இருபது நிமிடம் படுத்து, ஏழு மணிக்கெல்லாம் எழுந்து பால்கனிக்குப் போய் நின்று ஊளையைத் தொடங்கியது. சேதம் பத்தியில் அன்று எழுதியது: தலையணை 2, சார்ஜர் 1. நானோ ஏழே முக்காலுக்கு ஆபீசுக்குக் கிளம்ப வேண்டியவன், கண்ணெல்லாம் எரிந்தது. தார் ரோட்டில் ஓடி அதன் பாதத்துத் தோல் நாலும் உரிந்துபோனது. மருந்து போடக் கூட்டிப்போனபோது டாக்டர் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எந்தப் பந்தயத்துக்குத் தயார் பண்றீங்க சார்?" என்றார். ஒவ்வொரு வாரமும் அதன் ஓடுகிற தெம்பைக் கூட்டிக்கொண்டே போய்விட்டு, களைப்படையவில்லையே என்று கவலைப்பட்டுக் கொண்டிருந்திருக்கிறேன்.

மார்ச்சில் ஒரு பயிற்சியாளர். அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், நினைத்தால் எனக்கே கூசுகிறது. கழுத்தை இறுக்குகிற சங்கிலி, சொன்னதைக் கேட்காவிட்டால் வெடுக்கென்று ஒரு இழுப்பு, அப்புறம் ஒரு அடி. ஆறு வகுப்பு. காவல் வேலைக்கென்று பழக்குகிற முரட்டு நாய்களிடமே இந்த முறை சரியில்லை என்கிறார்கள், இந்த மெல்லிசு நாய்களோ குரலை உயர்த்தினாலே சுருங்கிப்போகிறவை. ஆறாவது வகுப்புக்கு அப்புறம் நான் சங்கிலியைக் கையில் எடுத்தால் கட்டிலுக்கடியில் போய் ஒண்டிக்கொண்டது. அம்மா அன்றைக்குப் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. வகுப்பு நின்றது.

ஏப்ரல் முதல் வாரம். வீட்டுக்குப் பின்பக்கம் வீட்டுமனைக்குப் பிரித்துப் போட்ட வெற்று நிலம், அங்கங்கே கல் ஊன்றி முள்கம்பி இழுத்திருக்கிறார்கள். காலை ஏழரை. சாதாரணக் கழுத்துப்பட்டை, சாதாரணக் கயிறு. எதிரே ஒரு பெரியவர் இருபது வெள்ளாடு ஓட்டிக்கொண்டு வந்தார். குட்டியான் நின்றது, காது இரண்டும் தலையோடு படிந்தது, உடம்பில் ஒரு அசைவு இல்லை. நான் கயிற்றை இரண்டு சுற்றுக் கையில் சுற்றிக்கொண்டேன், பிடி நல்ல பிடிதான். அது முன்னால் இழுக்கவில்லை. இரண்டடி பின்னால் போய், தலையைத் தாழ்த்தி, ஒரே உதறு. கையில் கயிறு இருந்தது, கயிற்றின் நுனியில் பட்டை இருந்தது, பக்கிள் போட்டது போட்டபடி இருந்தது. நாய் மட்டும் இல்லை. தலை குறுகல், கழுத்து தடிமன் என்று மேலே எழுதினேனே, அதற்கு இதுதான் அர்த்தம்: மற்ற நாய்க்குச் சரியான பட்டை இதற்குத் தலைப்பாகை மாதிரி, குனிந்தால் கழன்றுவிடும்.

மந்தை சிதறியது. ஓரத்தில் ஒரு குட்டி தனியாகப் பிரிந்து ஓடியதுதான் தப்பாகப் போயிற்று. ஓடாமல் நின்றிருந்தால் அதன் மேல் இவனுக்கு அந்த அளவு வெறி வந்திருக்காது என்று மாமா பிற்பாடு சொன்னார். நான் கத்தியது எதுவும் அதன் காதில் ஏறவில்லை. ஆட்டுக்குட்டியின் பின் தொடையில் கவ்வியது, அதோடு இரண்டும் உருண்டன, குட்டியான் முள்கம்பிக்குள் போய் விழுந்தது. எல்லாம் சேர்த்து இருபது வினாடிகூட இருக்காது.

ஆட்டுக்குட்டி அன்று சாயங்காலம் செத்துப்போனது. பெரியவரிடம் 5,000 ரூபாய் கொடுத்தேன், நாயின் வெறிநோய்த் தடுப்பூசி அட்டையையும் காட்டினேன், மற்ற ஆடுகளைக் கடித்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "நாய் அதுபாட்டுக்கு அதோட சோலியப் பாத்துருக்கு. கயித்தப் பிடிச்சவருக்குத்தான் தம்பி சோலி தெரியல" என்றார். திட்டியிருக்கலாம்.

நாயின் இடது தொடைத் தோல் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மூடி மாதிரி கிழிந்து தொங்கியது. இந்த நாய்களுக்குத் தோலுக்கடியில் கொழுப்பே கிடையாது, கம்பி பட்டால் துணி கிழிகிற மாதிரிதான் கிழியும். 14 தையல். மயக்க மருந்து கொடுக்கும் முன் டாக்டர் செய்த ஒரு காரியத்தை இங்கே எழுதியே ஆக வேண்டும், இந்த இனம் வைத்திருப்பவர்கள் தெரிந்துகொள்வது நல்லது. உடம்பில் கொழுப்பு குறைவாக இருக்கும் இப்படிப்பட்ட ஓட்ட நாய்களுக்குத் தயோபென்டோன் என்ற பழைய மயக்க மருந்து ஏற்றினால் தெளிவதற்கு ரொம்ப நேரம் பிடிக்கும். மருந்து போய் ஒதுங்கக் கொழுப்பு இல்லை, ஈரலும் அதை மெதுவாகத்தான் கரைக்கும். அதனால் ப்ரோபோஃபால் போட்டார். அரை மணி நேரத்தில் தலை தூக்கிப் பார்த்தது. எந்த மருத்துவமனைக்குப் போனாலும், "இது சிப்பிப்பாறை, கிரேஹவுண்ட் வகை" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். நாட்டு நாய் என்று பொதுவாகச் சொல்லி நிறுத்திவிடாதீர்கள்.

பன்னிரண்டு நாள் ஓய்வு, கழுத்தில் கூம்பு, தையல் பிரித்தாயிற்று. அதற்கு அப்புறம் நடந்ததுதான் இந்த ஆய்வை நான் எழுத உட்கார்ந்ததற்கே காரணம்.

நாய் அடங்கிவிட்டது.

ஏப்ரல் கடைசி வாரத்து நோட்டைப் பார்க்கிறேன்: சேதம் இல்லை, சேதம் இல்லை, சேதம் இல்லை, நல்ல பையன். பால்கனிக்குப் போகவில்லை. அடுப்படிக்குப் பக்கத்தில் குளிர்ந்த தரையில் படுத்தே கிடந்தது. கூப்பிட்டால் வாலை இரண்டு தட்டுத் தட்டியது. "அடிபட்டதுல புத்தி வந்துருச்சு" என்றார் அம்மா. கீழ்வீட்டுக்காரர் படியில் பார்த்து, என்ன சார் நாய் ஊருக்குப் போயிருக்கா என்று விசாரித்தார். மகள்தான் ஒரே ஆள், "அப்பா, அது சிரிக்கவே மாட்டேங்குது" என்றாள். சரி சரி என்றேன். பாதிச் சோற்றை வைத்துவிட்டதையும் கவனித்தேன், வெயில் காலம் என்று நானே காரணம் சொல்லிக்கொண்டேன். பத்து நாள் இப்படி ஒரு நிம்மதி.

மே 9 காலையில் அதன் மூக்கிலிருந்து ரத்தம். ஒரு பக்கத் துளையில் மட்டும், சொட்டுச் சொட்டாக. ஈறைத் தூக்கிப் பார்த்தால் வெளுத்துப்போயிருந்தது. காய்ச்சல் 104.2 ஃபாரன்ஹீட், நாய்க்கு 102.5 வரை இயல்பு. ரத்தத்தில் தட்டணுக்கள் 38,000, குறைந்தது ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டியது. எர்லிக்கியா, அதாவது உண்ணிக் காய்ச்சல். பழுப்பு உண்ணி கடித்து ஒன்றிலிருந்து மூன்று வாரத்தில் வெளியே தெரியும். ஆடு மேயும் நிலத்திலோ, பயிற்சி வகுப்பிலோ, எங்கே ஏறியதோ. காது மடலுக்குள்ளும் கால்விரல் இடுக்கிலும் தேடியபோது ஒன்பது உண்ணி கிடைத்தது, அத்தனை நாள் நான் முதுகை மட்டும்தான் தடவிப் பார்த்திருக்கிறேன். இன்னொன்று: ரத்தத்தில் சிவப்பணுக்களின் அளவு 36 சதவீதம். அறிக்கையில் இதை 'இயல்பு' என்று அச்சடித்திருந்தார்கள், நாய்களுக்குப் பொதுவான வரம்பின் கீழ்க்கோட்டை ஒட்டிய அளவு அது. டாக்டர் அதைப் பேனாவால் சுழித்து, கிரேஹவுண்ட் மாதிரி ஓட்ட நாய்களுக்கு 50-க்கு மேல்கூட இருக்கும், இந்த உடம்புக்கு 36 என்றால் எனக்குச் சந்தோஷமில்லை என்றார்.

டாக்ஸிசைக்ளின், 28 நாள். மூன்றாம் நாளே எழுந்து நடமாடியது, நிறுத்திவிடலாமா என்று ஆசை வரும், நிறுத்தக் கூடாது. இதில் நானும் ஒரு தப்புப் பண்ணினேன். மாத்திரையைப் பொடித்துப் பாலில் கலந்து கொடுத்துக்கொண்டிருந்தேன், சுலபமாகக் குடித்தது. பாலில் இருக்கும் கால்சியம் இந்த மருந்தைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேர விடாமல் பண்ணும் என்று ஐந்தாம் நாள்தான் தெரிந்தது. அதற்கப்புறம் கோழிக்கறித் துண்டுக்குள் ஒளித்து, பின்னாலேயே தண்ணீர். பழுப்பு உண்ணி நாயின் மேல் இருப்பதைவிடச் சுவர் விரிசலில், கதவு நிலை இடுக்கில்தான் அதிகம் முட்டையிட்டு வாழும் என்பதால் வீட்டையும் மூலை மூலையாகச் சுத்தம் பண்ண வேண்டியிருந்தது. உண்ணிக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஃப்ளூராலனர் மாத்திரை இன்றுவரை தொடர்கிறது.

ஜூன் இரண்டாவது வாரம் நாய் முழுசாகக் குணமாகிவிட்டது என்பதை எப்படித் தெரிந்துகொண்டோம் என்றால், பாத்ரூம் கதவைத் தின்றது. மனைவி அதைப் பார்த்து முதலில் சிரித்தாள், அப்புறம் அழுதாள், அப்புறம் மாமாவுக்கு போன் போட்டாள்.

மாமா நாயைக் கூட்டிப்போகத்தான் வந்தார். வந்தவர் உடனே கிளம்பவில்லை, ஒரு நாள் முழுக்க ஹாலில் ஒரு சேரைப் போட்டு உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கையில் வெற்றிலைப் பொட்டலம். நான் நோட்டை எடுத்துக் கி.மீ. கணக்கைக் காட்டினேன், வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். சாயங்காலம் நான் ஆபீஸ் விட்டு வந்ததும் கேட்ட முதல் கேள்வி: "ஏ மாப்ள, இது எப்ப தூங்கும்?"

எனக்குப் பதில் தெரியவில்லை.

அவர் பார்த்ததைச் சொன்னார். காலை எட்டிலிருந்து மாலை ஐந்து வரை இது கண் அசந்தது மொத்தம் ஒரு மணி நேரத்துக்கும் கொஞ்சம் கூட. மிச்ச நேரமெல்லாம் பால்கனிக் கம்பிக்குப் பின்னால். எதிர் வீட்டுப் பூனை மதிலில் நடக்கிறது, அணில் கேபிள் ஒயரில் ஓடுகிறது, பைக் போகிறது, பையன்கள் பந்து அடிக்கிறார்கள், ஒவ்வொன்றுக்கும் இது துடித்து எழுந்து நிற்கிறது, உடம்பு முறுக்கேறுகிறது, போக முடியவில்லை. மறுபடி இன்னொரு பூனை. "நம்மூர்ல இது பகல்பூரா வேப்பமரத்தடியில செத்த பாம்பாட்டம் கிடக்கும். காலைல ஒரு ஓட்டம், ராத்திரி காவல், அம்புட்டுத்தான். நீ என்னடான்னா கூத்து மேடையில கட்டிப் போட்டுட்டு ஏன் தூங்க மாட்டேங்குதுங்கிற." அப்புறம் ஸ்கூட்டர் கணக்கைப் பற்றி: "இது ஓட்டத்துக்கா ஏங்குது? தனக்கு முன்னால ஏதாவது ஓடணும்னு ஏங்குது. வண்டி பின்னால ஓடறது அதுக்குக் கூலி வேலை."

ஆக, மாமா நாயை விட்டுவிட்டுப் போனார். நோட்டில் கி.மீ. பத்தியை அடித்துவிட்டுத் தூக்கம் என்று எழுதினேன். பகல் 9 முதல் 5 வரை எத்தனை மணி நேரம். வீட்டில் இருக்கிற அம்மாதான் கணக்குப்பிள்ளை.

முதல் வேலை பால்கனி. செடிகளுக்கு நிழலுக்குக் கட்டுகிற பச்சை வலையை நாலரை அடி உயரத்துக்கு இரட்டையாக மடித்துக் கட்டினேன், 600 ரூபாய்க்குள் முடிந்தது. இந்த மொத்தக் கதையிலும் நான் செலவழித்ததில் இதுதான் குறைவு, பலனில் இதுதான் அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. முதல் நான்கு நாள் வலையைப் பிராண்டியது, குரைத்தது, சத்தம் கேட்கிறதே பூனை தெரியவில்லையே என்று அங்குமிங்கும் அலைந்தது. ஐந்தாம் நாளிலிருந்து பால்கனி வெறும் பால்கனியாகிவிட்டது. ஹாலில் டிவி சத்தம் எட்டாத மூலையில் மாமா வீட்டுக் கயிற்றுக் கட்டில், மேலே மடித்த பழைய போர்வை. எலும்பும் தோலுமான உடம்பு, வெறுந்தரையில் படுத்தால் முழங்கையில் காய்ப்பு வந்து புண்ணாகும். அது கட்டிலில் இருக்கும்போது யாரும் தொடக் கூடாது, கூப்பிடவும் கூடாது என்பது மகள் எழுதி ஒட்டிய சட்டம், அதை அதிகம் மீறியவளும் அவள்தான்.

இரண்டாவது, துரத்துவதற்கு ஏதாவது வேண்டும். ஆறடி மூங்கில் கம்பு, நுனியில் எட்டடி நைலான் கயிறு, கயிற்று நுனியில் பழைய துண்டைக் கிழித்துக் கட்டிய குஞ்சம். மகள் இதற்கு முயல் கம்பு என்று பெயர் வைத்தாள். பார்க்கச் சுலபம், தப்பாகச் செய்தால் கால் முறியும், எனவே எப்படிச் செய்கிறோம் என்று விவரமாகச் சொல்கிறேன். முதலில் பத்து நிமிடம் நடை, உடம்பு சூடேற. இடம் மண் தரை அல்லது புல், தார் ரோடும் சிமெண்டும் ஆகவே ஆகாது. குஞ்சம் எப்போதும் தரையோடு தரையாக ஓடணும், தூக்கினால் அது அந்தரத்தில் முறுக்கிக் குதிக்கும், முட்டியும் முதுகும் போய்விடும். பெரிய வட்டமாகச் சுற்றணும், வெடுக்கென்று திசை மாற்றக் கூடாது. முக்கியமாக, அது பிடிக்கணும். ஆரம்பத்தில் நான் பிடிக்கவே விடாமல் விளையாட்டுக் காட்டினேன், வீட்டுக்கு வந்து தலையணையைக் கிழித்தது, நியாயம்தானே. இப்போது ஒரு நிமிட ஓட்டத்துக்குள் இரண்டு முறை பிடிக்க விடுகிறேன். பிடித்ததும் உலுக்கும், கவ்வியபடி சின்ன ஊர்வலம் போகும், போகட்டும். அப்புறம் "விடு" என்றால் விட வேண்டும், விட்டால் அவித்த ஈரல் துண்டு. இரண்டு நிமிடம் மூச்சு. மறுபடி ஒரு நிமிடம். மொத்தத்தில் ஐந்து நிமிடத்துக்கு மேல் ஒரு நாளும் தாண்டியதில்லை. சாப்பாட்டுக்கும் இதற்கும் நடுவே இரண்டு மணி நேரம் இடைவெளி, ஆழ்ந்த மார்புக்கூடு கொண்ட நாய்களுக்கு இரைப்பை உப்பி முறுக்கிக்கொள்கிற ஆபத்து உண்டு, வந்தால் சில மணி நேரத்திலேயே உயிர் போகும்.

"விடு" என்பதை இந்த விளையாட்டில் பழகியதுதான் எதிர்பாராத லாபம். அடித்துக் கற்றுக்கொடுக்க முடியாததை, விட்டால் மறுபடி ஓடும் என்ற ஒரே ஆசையில் ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டது. ஜூலையில் ஒரு நாள் மகளின் ஷூவைக் கவ்விக்கொண்டு போனது, அவள் விடு என்றாள், விட்டது, வீடே ஒரு வினாடி அமைதியாகிவிட்டது.

சாயங்காலம் அரை மணி நேரம் மெதுநடை, நான் அதன் பின்னால். எந்தக் கம்பத்தை எவ்வளவு நேரம் மோந்தாலும் சரி. ஏப்ரல், மே என்றால் இதுவும் சூரியன் இறங்கிய பிறகுதான், புறங்கையைத் தார் மேல் வைத்து ஏழெண்ணுவதற்குள் சுட்டால் நாய்க்கும் சுடும். ஞாயிற்றுக்கிழமை ஒரு நண்பரின் கொய்யாத் தோப்பு, சுற்றிலும் ஆறடி வேலி, அங்கே மட்டும் அவிழ்த்து விடுவேன். கண் மண் தெரியாமல் எட்டு போட்ட மாதிரி வளைந்து வளைந்து இரண்டு சுற்று ஓடும், அப்புறம் மோட்டார் தொட்டியில் வாய் வைத்துவிட்டு வந்து காலடியில் விழும். வேலி இல்லாத இடத்தில் இன்றுவரை அவிழ்த்ததில்லை, இனியும் இல்லை. கூப்பிட்டால் வருகிறதே என்று இரண்டு மாதத்தில் ஒரு தைரியம் வரும். ஓடுகிற ஒன்றைக் கண்டுவிட்டால் அந்தக் கூப்பிடு கேட்காது.

பட்டையும் மாறியது. இரண்டரை அங்குல அகலத் தோல் பட்டை, கழுத்தின் மேல்பகுதியில் காதுக்குப் பின்னால் இறுக்கிப் போடுவது, அதோடு மார்பைச் சுற்றிய வார் ஒன்று, இரண்டுக்கும் தனித்தனிக் கயிறு. ஒன்றில் கழன்றாலும் மற்றொன்றில் நிற்கும்.

சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. தெருவில் போகிற வருகிறவர்கள் எல்லாம் "சோறே போடறதில்லையா" என்று கேட்டுக் கேட்டு, குளிர்காலத்திலேயே பாலும் பிஸ்கட்டும் தயிர்ச்சோறுமாக நாங்கள் இதை 24 கிலோவுக்குக் கொண்டுபோக முயன்றிருக்கிறோம், ஏறவும் இல்லை, வயிற்றுப்போக்குதான் மிச்சம். சிப்பிப்பாறைக்குக் கடைசி இரண்டு மூன்று விலா எலும்பு கண்ணுக்குத் தெரிந்தால் அதுதான் சரியான உடம்பு. இப்போது இரண்டு வேளை: கோழி, முட்டை, சோறு, பூசணி அல்லது கேரட், சில நாள் மாமா வீட்டுப் பழக்கத்தில் கம்பங்கூழ். வெங்காயம் கலந்த குழம்புச் சோறு நிறுத்தியாயிற்று, அது நாய் ரத்தத்துக்கு விஷம் என்று அம்மாவை நம்பவைக்கத்தான் ஒரு மாதம் ஆனது.

நோட்டுக் கணக்கு: ஜூன் மூன்றாவது வாரம் பகல் தூக்கம் சராசரி ஒன்றேகால் மணி நேரம். ஜூலை கடைசியில் மூன்றரை. செப்டம்பரில் ஐந்து மணி நேரத்துக்கும் மேல். சேதம் ஜூனில் வாரத்துக்கு ஆறேழு, செப்டம்பரில் மாதத்துக்கு ஒன்று. கீழ்வீட்டுக்காரர் இப்போது மாடியேறி வந்தால் நாயைப் பார்க்கத்தான் வருகிறார்.

இதில் எது வேலை செய்தது என்று கேட்டால் என்னால் அடித்துச் சொல்ல முடியாது. வலை, கட்டில், முயல் கம்பு, நடை, சாப்பாடு, எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் மாற்றினேன், ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்க எங்களுக்குப் பொறுமையும் இல்லை, கதவும் மிச்சமில்லை. அது தவிர நாய்க்கு இரண்டு வயது ஆகிவிட்டது, வயதே பாதி வேலையைச் செய்திருக்கலாம். ஒன்று மட்டும் நோட்டில் தெளிவாகத் தெரிகிறது: கம்பு விளையாட்டை மழையால் நான்கு நாள் விட்டபோது சேதம் கூடவில்லை, ஆனால் ஆகஸ்டில் காற்றில் வலை கிழிந்து இரண்டு நாள் பால்கனி திறந்து கிடந்தபோது தூக்கம் பாதியாகி ஒரு ரிமோட் போனது.

இன்னொன்றும் பழகிவிட்டது. நாய் திடீரென்று நல்ல பிள்ளையாகிவிட்டால் அம்மா முதலில் ஈறைத் தூக்கிப் பார்க்கிறார், அப்புறம் காதுக்குள் விரல் விடுகிறார், அப்புறம் தெர்மாமீட்டர். ஒரு தடவை சந்தோஷப்பட்டு ஏமாந்தது போதும் என்கிறார்.

தீராத விஷயம் ஆடு. காலை நடையை ஆறு மணிக்கு மாற்றி மந்தையின் பாதையைத் தவிர்த்துவிட்டோம். போன மாதம் பெரியவர் சீக்கிரமே கிளம்பிவிட்டார் போல, வளைவு திரும்பினால் எதிரே இருபது ஆடு. ஓரமாக ஒதுங்கி, இரண்டு கயிற்றையும் பிடித்துக்கொண்டு, ஈரல் துண்டை அதன் மூக்கெதிரே வைத்தேன். ஈரலைப் பார்க்கவே இல்லை. ஆனால் உட்கார்ந்தது. தொடை இரண்டும் வெடவெடவென்று நடுங்க, வாயில் எச்சில் நூலாக இறங்க, மந்தை கடந்து முடிகிற வரைக்கும் உட்கார்ந்தே இருந்தது. பெரியவர் கடைசியாக வந்தார். நாயைப் பார்த்தார், தொடையில் முடி முளைக்காத தழும்பைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார்.

"பட்டைய ஒருதரம் பின்னால இழுத்துப் பாருங்க தம்பி" என்றார்.

இழுத்தேன். கழலவில்லை. தலையை ஆட்டிக்கொண்டு ஆடுகளுக்குப் பின்னால் போனார்.